பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் "நீ பௌதிகம் படிச்சவன், நாப்பது வருஷமா டிவி ரிப்பேர் பண்றவன், ஏதாவது உபயோகமா பேசு" என்றார். என்ன பேசுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், எந்தக் காரியத்துக்குப் போனாலும், பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னிடம் கேட்கும் கேள்வி இப்போது ஒன்றுதான்: "டிவிக்கு எந்த ஸ்டிக் வாங்கலாம்?" முன்பெல்லாம் "சாலிடேரா, டயனோராவா?" என்று கேட்டார்கள். காலம் மாறினாலும் கேள்வி மாறவில்லை. என் பதிலும் மாறவில்லை. யார் பார்க்கப் போகிறார்கள், எதைப் பார்க்கப் போகிறார்கள், எந்த வழியாக அது வந்து சேரும் என்ற மூன்றையும் முதலில் முடிவு செய்யுங்கள். பெட்டியைக் கடைசியில் வாங்குங்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி எல்லாம் விளக்கம்.

நம் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய அனுபவம் உண்டு. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சென்னை இங்கிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். அந்தப் படத்தைப் பிடிக்க மொட்டைமாடியில் உயரமான கம்பம், அதன் மேல் ஆன்டெனா, அதற்குக் கீழே பூஸ்டர். வெள்ளிக்கிழமை "ஒளியும் ஒலியும்" நேரத்தில் ஒருவர் மாடியில் நின்று கம்பத்தைத் திருப்புவார், கீழே இருந்து "போதும், போதும், அப்படியே விடு!" என்று குரல் வரும். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் திருப்பியவர்கள், மீதிப் பேர் கத்தியவர்கள்.

இது எல்லா ஊரிலும் நடந்தது. புதுச்சேரியில் மட்டும் இன்னொன்றும் நடந்தது. நம்முடைய சொல்தா குடும்பங்களுக்குப் பிரான்சிலிருந்து பிள்ளைகளும் மாமன் மச்சான்களும் வீடியோ கேசட் கொண்டு வருவார்கள். அங்கே எடுத்த கல்யாணம், ஞானஸ்நானம், பேரனின் பிறந்தநாள். ஆசையோடு நம் வி.சி.ஆரில் போட்டால் படம் கறுப்பு வெள்ளையில் ஓடும். "அங்க கலர்ல தெரிஞ்சுதே, உங்க மெஷின் கெட்டுப்போச்சா?" என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். மெஷின் கெடவில்லை. பிரான்சு நாடு 1967-லிருந்து வண்ண ஒளிபரப்புக்கு 'செக்காம்' என்ற முறையை வைத்திருந்தது. நாம் 1982-ல் வண்ணத்துக்கு வந்தபோது 'பால்' என்ற முறையை எடுத்துக்கொண்டோம். இரண்டிலும் 625 வரிகள்தான். ஆனால் வண்ணத்தை எழுதும் விதம் வேறு. ஆகவே உருவம் தெரியும், நிறம் தெரியாது. பாரீசில் வாங்கிய நல்ல டிவியை இங்கே கொண்டுவந்து வைத்தவர்களுக்கு இன்னும் சிரமம். அங்கே ஒலி அனுப்பும் முறையும் வேறு என்பதால், பேச்சே சரியாகக் கேட்காது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? பெட்டி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது எந்த நாட்டு ஒழுங்குக்குச் செய்யப்பட்டது என்பதே முக்கியம் என்று நம் ஊர் அன்றைக்கே தெரிந்துகொண்டது. இன்று செக்காமும் இல்லை, பாலும் இல்லை, எச்.டி.எம்.ஐ. வயர் உலகம் முழுக்க ஒன்றுதான். ஆனால் அந்த வேலி போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. முன்பு மெஷினுக்குள் இருந்தது, இப்போது கணக்குக்குள் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

முதலில் இந்தப் பொருள் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஸ்டிக் என்றாலும், பாக்ஸ் என்றாலும், அது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்குள் படம் கிடையாது. இன்டர்நெட் வழியாக வரும் படத்தை வாங்கி டிவிக்குக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. குழாய் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். குழாயைப் பித்தளையில் வாங்கினாலும் வெள்ளியில் வாங்கினாலும், தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டால் காற்றுதான் வரும்.

அடுத்து, இது உங்களுக்குத் தேவையா? ஸ்மார்ட் டிவி வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஐந்தாறு வருஷப் பழைய ஸ்மார்ட் டிவி மந்தமாகிவிட்டது, சில ஆப்கள் வேலை செய்வதை நிறுத்திவிட்டன என்றால், டிவியைத் தூக்கிப்போட வேண்டாம். பேனல் நன்றாக இருந்தால் பின்னால் ஒரு ஸ்டிக் செருகினால் போதும். எச்.டி.எம்.ஐ. துளை இருக்கிற சாதாரண எல்.சி.டி. டிவிக்கும் இதே மருந்துதான். வீட்டில் இன்னும் அந்தப் பெரிய டப்பா டிவி இருக்கிறதா? அதற்கும் எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றும் சின்னப் பெட்டி கிடைக்கிறது. ஆனால் எழுத்துகள் மங்கலாகத் தெரியும்; கண் மங்கிய பெரியவர்களுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இனி என் மூன்று கேள்விகள்.

முதல் கேள்வி: யார் பார்க்கப் போகிறார்கள்?

குருசுக்குப்பம் பக்கம் ஒரு அம்மா. வயது எண்பதைத் தாண்டியவர். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், காலமாகிவிட்டார். பிள்ளைகள் எல்லாரும் பிரான்சில். பேரன் லீவுக்கு வந்தவன், பாட்டிக்கு நல்லது செய்வதாக நினைத்து, கேபிளை நிறுத்தச் சொல்லிவிட்டு, அங்கிருந்து கொண்டுவந்த ஸ்டிக்கை மாட்டி, தன் கணக்கில் திறந்து கொடுத்துவிட்டுப் போனான். அவன் இருந்த மூன்று வாரமும் எல்லாம் ஓடியது. அவன் விமானம் ஏறிய சில நாளில் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. மறுபடி உள்ளே நுழைய ஒரு எண் வேண்டும். அந்த எண் பேரனின் போனுக்குப் போகும். அம்மா டிவி போடுவது காலை ஆறு மணிக்கு. அப்போது பாரீசில் விடியற்காலை இரண்டரை, குளிர்காலமானால் ஒன்றரை. தூங்குகிற பிள்ளையை எழுப்பலாமா? எழுப்பவில்லை. பதினோரு நாள் அந்த வீட்டில் டிவி ஓடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் நான் போனேன். "யாருகிட்டயும் சொல்லலையா அம்மா?" என்றேன். "அவன் ஆசையா வாங்கிக் குடுத்தது தம்பி. ஓடலன்னு சொன்னா வருத்தப்படுவான்" என்றார்.

அந்தப் பதினோரு நாளும் அந்த வீட்டில் மனிதக் குரலே கேட்கவில்லை. வயதானவர்களுக்கு டிவி வெறும் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். தனியாக இருக்கிற வீட்டில் அது பேச்சுத் துணை. அதை நிறுத்துகிற உரிமை எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஒரு போனிடம் இருக்கக் கூடாது.

ஆகவே, பெரியவர்கள் இருக்கிற வீட்டில் கணக்கு இங்கே, அவர்கள் பெயரில், அவர்கள் கையில் இருக்கிற போன் எண்ணில் இருக்க வேண்டும். எல்லாரும் ஒரே கணக்கில் பார்ப்பது மிச்சம் என்று நினைக்கலாம். நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்குத்தான் என்று சொல்லிவிட்டது. பாரீசில் ஒரு வீடு, புதுச்சேரியில் ஒரு வீடு என்றால் அது ஒரே வீடு ஆகாது.

அதோடு ரிமோட்டைப் பாருங்கள். டிவியை நிறுத்துகிற பொத்தானும், ஒலி கூட்டிக் குறைக்கிற பொத்தானும் அந்த ஸ்டிக்கின் ரிமோட்டிலேயே இருக்கிறதா? இல்லாவிட்டால் இரண்டு ரிமோட், இரட்டைக் குழப்பம். மைக்கில் பேசித் தேடும் வசதி உண்டு என்று கடைக்காரர் சொன்னால், கடையிலேயே தமிழில் பேசிக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் நம்புங்கள்.

இரண்டாவது கேள்வி: எதைப் பார்க்கப் போகிறார்கள்?

இங்கேதான் அந்தப் பழைய வேலி திரும்பி வருகிறது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருக்கிற 'ரோக்கு' பெட்டி இந்தியச் சந்தைக்கு என்று விற்கப்படுவதில்லை. நியூ ஜெர்சியிலிருந்து மருமகள் வாங்கி வந்தால் விளக்கு எரியும், ஆனால் நம் வீட்டில் கேட்கிற எல்லா ஆப்பும் அதில் இருக்கும் என்று நம்பாதீர்கள். அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் இங்கும் உண்டு, அங்கும் உண்டு. ஆனால் எந்த ஆப் கிடைக்கும் என்பதைக் கணக்கு எந்த நாட்டில் பதிவாகி இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. பிரெஞ்சு அரசுத் தொலைக்காட்சியின் 'பிரான்ஸ் டிவி' தளத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள், உரிமைக் காரணங்களால், பிரான்சுக்கு வெளியே திறப்பதில்லை. அந்த அம்மாவின் ஸ்டிக்கில் பேரன் முதலில் வைத்துக் கொடுத்தது அதைத்தான்!

அவருக்கு நான் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இங்கத்திய கணக்கு ஒன்று. 2020 செப்டம்பரில் தொடங்கிய 'டிவி5மோந்த் பிளஸ்' இலவசம். வெளிநாட்டில் இருப்பவர்களும் பார்க்கலாம். 'பிரான்ஸ் 24' செய்தி யூடியூபில் பிரெஞ்சிலேயே நேரடியாக ஓடுகிறது. இரண்டையும் முதல் வரிசையில் வைத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஜூலை 14 பாரீஸ் அணிவகுப்பு தெரியுமா?" அங்கே காலை பத்து மணிக்கு ஆரம்பித்தால் இங்கே பகல் ஒன்றரை. அவர் அதைப் பார்த்தார். மறுநாள் போன் செய்து எந்தப் படை எந்த உடுப்பில் போனது என்று எனக்கு முக்கால் மணி நேரம் சொன்னார்.

சரி, தமிழ் வீட்டுக்கு வருவோம். மாலையில் தொடர் பார்க்கிற வீடு. சன் டிவியின் தொடருக்கு 'சன் நெக்ஸ்ட்', விஜய் டிவியின் தொடருக்கு 'ஜியோ ஹாட்ஸ்டார்', ஜீ தமிழுக்கு 'ஜீ5'. மூன்று ஆப், மூன்று கணக்கு, மூன்று சந்தா. அம்மா மாமியார் இருவரும் மாற்றி மாற்றிப் பார்க்கிற வீட்டில் கேபிளை வெட்டிவிட்டால் பணம் மிச்சமாகும் என்பது நிச்சயம் இல்லை. ஒரு தாளை எடுத்து இடப்பக்கம் கேபிள் அல்லது டிஷ் கட்டணத்தையும், வலப்பக்கம் ஆப் சந்தாக்களையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். நான் பார்த்த பல வீடுகளில், தொடர் பார்க்கிறவர்களுக்குக் கேபிளே மலிவு, படம் பார்க்கிற பிள்ளைகளுக்கு ஸ்டிக் மலிவு. இரண்டையும் வைத்திருப்பதில் அவமானம் ஏதும் இல்லை. செயற்கைக்கோளும் இன்டர்நெட்டும் ஒரே பெட்டியில், ஒரே ரிமோட்டில் வருகிற டி.டி.எச். பெட்டிகளும் உண்டு. பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து இருக்கிற வீட்டுக்கு என் முதல் ஓட்டு அதற்குத்தான்.

மூன்றாவது கேள்வி: எந்த வழியாக வரும்?

நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே தரும் கணக்கு இது: முழு எச்.டி. படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் போதும், 4கே படத்துக்கு 15 மெகாபிட் வேண்டும். இன்றைய ஃபைபர் இணைப்பு எதுவும் இதைத் தாங்கும். பிறகு ஏன் படம் நின்று நின்று ஓடுகிறது? வீட்டுச் சுவரைப் பாருங்கள். வெள்ளைக்காரத் தெரு பக்கத்திலும், தமிழர் பகுதியின் பழைய முற்றத்து வீடுகளிலும், சுவர் முக்கால் முழம், ஒரு முழம் கனம். வைஃபையில் 2.4 கிகா என்றும் 5 கிகா என்றும் இரண்டு அலை உண்டு. ஐந்து வேகமானது, ஆனால் கனத்த சுவரைத் தாண்டாது. இரண்டரைக்குக் கிட்டே உள்ளது மெதுவானது, ஆனால் தாண்டும். ரௌட்டர் திண்ணை அறையில், டிவி உள்கூடத்தில் என்றால் 2.4-ல் மாட்டிப் பாருங்கள். போதாவிட்டால் ரௌட்டரை நகர்த்துங்கள். ஸ்டிக்கை டிவியின் முதுகில் நேராகச் செருகாமல், கூடவே வருகிற குட்டி வயரில் மாட்டி வெளியே தொங்க விடுங்கள். சூடும் குறையும், சிக்னலும் கூடும். ஐந்தாயிரம் ரூபாய் செலவழித்துப் புதுப் பெட்டி வாங்குவதற்கு முன்னால் இந்தச் செலவில்லாத வைத்தியத்தைச் செய்யுங்கள்.

இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு பெட்டியைப் பேசலாம். கூகுளின் 'குரோம்காஸ்ட்' 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு 2,999 ரூபாய்க்கு வந்தது. அதற்கு ரிமோட் கிடையாது, போன்தான் ரிமோட். ஃபயர் டிவி ஸ்டிக் 2017 ஏப்ரலில் 3,999 ரூபாய்க்கு வந்தது, ரிமோட்டோடு. வீட்டுப் பெரியவர்கள் பக்கம் இது ஜெயித்ததற்கு அந்த ரிமோட் ஒரு முக்கியக் காரணம் என்பது என் அபிப்பிராயம். ஷாவ்மி போன்றவர்களின் பெட்டிகளில் கூகுளின் மென்பொருள் இருக்கிறது. யூடியூபும் ஆண்ட்ராய்டு போனும் பழகியவர்களுக்கு அது சுலபம். ஆப்பிள் டிவி பெட்டி விலையில் மிக அதிகம். வீட்டில் எல்லாரும் ஐபோன் என்றால் யோசிக்கலாம். டிவி 4கே இல்லை என்றால் 4கே ஸ்டிக்குக்குக் கூடுதல் பணம் கொடுத்தாலும் படம் மாறாது. நினைவிடம் 8 ஜி.பி. என்று எழுதியிருந்தால், ஏழெட்டு ஆப் போட்டதும் நிரம்பிவிடும் என்று தெரிந்து வாங்குங்கள்.

இப்போது பயணம். நம்மில் பலர் ஓய்வு பெற்றுவிட்டோம். பேரப்பிள்ளைகளோடு வேன் எடுத்துக்கொண்டு நவக்கிரகக் கோயில்கள் சுற்றுகிறோம். கேரவன் என்றால் முன்பு சினிமாக்காரர்களுக்கு மட்டும். இங்கே கடற்கரைச் சாலையில் ஷூட்டிங் நடக்கும்போது வேடிக்கை பார்த்திருக்கிறோம். 2021-ல் கேரளா கேரவன் சுற்றுலாவுக்கு என்றே கொள்கை அறிவித்தது. நம் வகுப்புத் தோழர் ஒருவர் வேனிலேயே படுக்கை, அடுப்பு, டிவி எல்லாம் வைத்துக்கொண்டு மனைவியோடு ஊர் சுற்றுகிறார். "வீட்டு ஸ்டிக்கையே வேன்லயும் மாட்டலாமா?" என்று கேட்டார். தாராளமாக மாட்டலாம். ஸ்டிக்கின் அழகே அதுதான், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் நாலு விஷயம் கவனியுங்கள்.

ஒன்று, மின்சாரம். ஸ்டிக்குக்கு 5 வோல்ட், சுமார் ஒரு ஆம்பியர் வேண்டும். டிவியின் பின்னால் இருக்கிற யு.எஸ்.பி. துளை பல சமயம் அரை ஆம்பியர்தான் தரும். ஸ்டிக் தானாக அணைந்து அணைந்து எரிந்தால் கோளாறு ஸ்டிக்கில் இல்லை. வேனின் சார்ஜர் துளையிலிருந்து தனியாகக் கொடுங்கள்.

இரண்டு, டேட்டா. முழு எச்.டி. படம் ஒரு மணி நேரத்துக்கு 3 ஜி.பி. வரை குடிக்கும், 4கே 7 ஜி.பி. வரை. நாளுக்கு 2 ஜி.பி. என்று ரீசார்ஜ் செய்துவிட்டு போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தால், விழுப்புரம் தாண்டுவதற்குள் அன்றைய கணக்கு தீர்ந்துவிடும். ஆப்பின் அமைப்பில் படத்தின் தரத்தைக் குறைத்து வையுங்கள். சாதாரணத் தரத்துக்கு மணிக்கு ஒரு ஜி.பி. போதும். வேன் டிவியின் சின்னத் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது. இன்னும் நல்லது, புறப்படுவதற்கு முந்தின இரவே வீட்டு வைஃபையில் படத்தைப் போனிலோ டேப்லெட்டிலோ இறக்கிக்கொள்வது. கல்வராயன் மலை மேல் டவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடும்.

மூன்று, விடுதி வைஃபை. பாஸ்வேர்டு போட்ட பிறகும் அறை எண், பெயர் கேட்டு ஒரு பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தைக் காட்டத் தெரியாத பெட்டி அங்கே உதவாது. ஊர் சுற்றுகிறவர்கள் வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் சொந்த ஹாட்ஸ்பாட்டே கதி.

நான்கு, வெயில். மே மாதத்தில் கண்ணாடி ஏற்றிய வேனுக்குள் ஸ்டிக்கை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள். கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, இது சொல்லவே வேண்டாம், இருந்தாலும் சொல்கிறேன்: திரை ஓட்டுநரின் கண்ணில் படவே கூடாது. கிளைமாக்ஸ் அவரும் பார்த்தால் நம் கிளைமாக்ஸ் ஆகிவிடும்.

நண்பர்களே, இனி கொஞ்சம் கசப்பான சேதி.

"ஒரே தடவை பணம், வாழ்நாள் முழுக்க எல்லா சேனலும் இலவசம்" என்று பெயர் தெரியாத பெட்டிகள் விற்கின்றன. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 'பேட்பாக்ஸ்' என்ற பெயரில் பகிரங்க எச்சரிக்கை விட்டது. இந்த மாதிரி மலிவுப் பெட்டிகள் பலவற்றில், கடைக்கு வரும் முன்பே திருட்டு மென்பொருள் ஏற்றப்பட்டிருக்கிறது என்றது. நீங்கள் படம் பார்க்கும்போது, அது உங்கள் வீட்டு இன்டர்நெட்டைக் கயவர்களுக்கு வாடகைக்கு விடும். கூடத்தில் நடுநாயகமாக ஒரு திருடனை உட்கார வைத்து ஆரத்தி எடுப்பது போலத்தான் அது.

அடுத்தது, 'ஆக்டிவேஷன்' போன். ஸ்டிக் திறக்கவில்லை என்று இன்டர்நெட்டில் உதவி எண் தேடுவீர்கள். அகப்படுகிற எண் போலியாக இருக்கலாம். எடுத்தவுடன் இனிமையாகப் பேசுவார்கள், திறப்பதற்குக் கட்டணம் கேட்பார்கள், போனில் ஏதோ ஒரு ஆப் போடச் சொல்வார்கள். அதைப் போட்டால் வங்கிக் கணக்கே அவர்கள் கையில். பெயர் பெற்ற எந்த ஸ்டிக்கையும் திறக்கத் தனிக் கட்டணம் கிடையாது. ஓய்வூதியத்தை நம்பி இருப்பவர்கள் வீட்டுச் சுவரில் இதை எழுதியே ஒட்டி வையுங்கள்.

மூன்றாவது, நல்ல பெட்டியும் நிரந்தரம் இல்லை. 2025 மார்ச் 9 அன்று உலகம் முழுக்க, இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்கள் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் செய்தன. அவற்றுக்குள் இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழின் காலக்கெடு முடிந்துவிட்டது. கூகுள் சில நாளில் சரி செய்தது. ஆனால் அந்த நாட்களில், யார் வீட்டுப் பெட்டியும் கெடாமலேயே கெட்டிருந்தது. பழைய சாலிடேர் டிவி நின்றால் நான் திறந்து ஒரு டிரான்சிஸ்டரை மாற்றுவேன். இதைத் திறந்து எதை மாற்றுவது? சாவி வேறு நாட்டில் இருக்கிறது. பணத்தை வீணாக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். மூன்று நான்கு வருஷம் உழைத்தால் லாபம் என்ற கணக்கில் வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. இதை ஊர்க்காரனாகச் சொல்கிறேன்.

நாம் கடலோரத்தில் இருக்கிறோம். 2011 டிசம்பர் 30 'தானே' புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2024 நவம்பர் 30 இரவு 'ஃபெஞ்சல்' புதுச்சேரி அருகில் கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தெருக்களில் தண்ணீர், மீட்புக்கு ராணுவம் வந்தது. எங்கள் தெருவில் அன்றைக்கு முதலில் கரண்ட் போயிற்று, பிறகு ஃபைபர், பிறகு செல்போன் சிக்னல். ஸ்டிக் மட்டும் நம்பி இருந்த வீடுகளில், புயல் எங்கே இருக்கிறது, கடந்துவிட்டதா, வீட்டை விட்டுப் போகணுமா என்று எதுவும் தெரியாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பேசியது ஒன்றுதான்: பேட்டரி போட்ட ரேடியோ.

பழைய மொட்டைமாடி ஆன்டெனாவை நம்ப முடியாது. தூர்தர்ஷன் தன் பழைய தரைவழி ஒளிபரப்பை, எல்லையோரம் போன்ற சில இடங்கள் தவிர, 2022 மார்ச்சோடு நிறுத்திவிட்டது. ஆனால் 'டிடி ஃப்ரீ டிஷ்' இருக்கிறது. 2004 டிசம்பரில் தொடங்கியது, மாதக் கட்டணம் இல்லை. ஒரு சின்ன டிஷ், ஒரு பெட்டி, அவ்வளவுதான் செலவு. 2024 ஜனவரியில் பொதிகை பெயர் மாறி 'டிடி தமிழ்' ஆனதே, அது இதில் வரும். நம் ஊரிலிருந்து டிஷ் தென்கிழக்கே அண்ணாந்து பார்க்கணும். கடற்காற்றில் கிளாம்பும் வயர் முனையும் துருப்பிடிக்கும். வருஷம் ஒரு தடவை ஐப்பசி பிறக்கும் முன் பார்த்துவிடுங்கள். பெருமழை கொட்டும்போது இதிலும் படம் சிறிது நேரம் போகும். மழை விட்டால் திரும்பி வரும். இன்வெர்ட்டர் இருந்தால் டிவியும் ஓடும். ஓடும் வேனில் இது உதவாது, நிறுத்தித் திருப்பி வைத்தால் தெரியும். அதற்கும் வழியில்லாதவர்கள், சில நூறு ரூபாய்க்கு ஒரு பேட்டரி ரேடியோ வாங்கி, செல்லைக் கழற்றிப் பக்கத்திலேயே வையுங்கள்.

வீட்டுக்கு இரண்டு வாசல் வைத்துக் கட்டினார்கள் நம் பெரியவர்கள். சேதி வருவதற்கும் இரண்டு வாசல் இருக்கட்டும். ஒன்று இன்டர்நெட் இல்லாமலும் திறக்க வேண்டும்.

நண்பர்களே, இந்த மலர் பாரீசுக்கும் லண்டனுக்கும் துபாய்க்கும் தபாலில் போகும் என்று செயலாளர் சொன்னார். வெளிநாட்டில் இருக்கிற நம் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பெட்டி வாங்கி வர வேண்டாம். இங்கேயே, கடையில், பில்லோடு கிடைக்கிறது. நீங்கள் கொண்டுவர வேண்டியது ஒரு முழு மத்தியானம். அப்பா அம்மா பக்கத்தில் உட்காருங்கள். என்ன பார்க்கப் பிடிக்கும் என்று கேளுங்கள். அவர்கள் பெயரில் கணக்கைத் திறந்து, அவர்கள் கையாலேயே ரிமோட்டை அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் செய்து காட்டாதீர்கள். அவர்கள் மூன்று தடவை செய்யும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். கணக்கின் பெயரையும் எண்ணையும் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். பிறகு ரௌட்டரை ஒரு தடவை அணைத்துவிட்டு, "இப்ப என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். அதற்கு அவர்களுக்குப் பதில் தெரிந்தால், நீங்கள் நிம்மதியாக விமானம் ஏறலாம்.

உள்ளூரில் இருக்கிற நாம் அந்தப் பிள்ளைகள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம் தெருவில் தனியாக இருக்கிற பெரியவர் வீட்டில் டிவி சத்தம் இரண்டு நாளாகக் கேட்கவில்லை என்றால், போய்க் கதவைத் தட்டுங்கள். பெரும்பாலும் ஒரு பாஸ்வேர்டு பிரச்சினையாகத்தான் இருக்கும். வேறு ஏதாவதாக இருந்தாலும் நீங்கள் போனது நல்லதுதான்.

சந்தேகம் உள்ளவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காரலாம்.